பதில் பாட்டு

ஜீப்பு போடிமெட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியதிலிருந்து, சூர்யகலா ஏதாவது சொல்லுவாள் என்று முத்துக்கிருஷ்ணன் காத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அவருடைய கீபோர்டு நிகழ்ச்சிக்கு வந்திருந்தாள். அங்கன்வாடியில் வேலை. சனிக்கிழமையானால் ஒரு கூட்டமோ கணக்கெடுப்போ வந்து நின்றுவிடும். இந்த வாரம் எப்படியோ லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். இப்போது பின் சீட்டில், போர்வை சுற்றிய கீபோர்டு வளைவுகளில் உருண்டுவிடாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் லேசாகத் திரும்பிப் பார்த்தார்.

ஓட்டிக்கொண்டிருந்த பாண்டித்துரைதான் பேச்சை எடுத்தான். காலையில் எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் முத்துக்கிருஷ்ணனுக்காகக் காத்திருந்து அழைத்து வருவான்.

"மதினி, பாத்தீங்கள்ல? அண்ணன் வாசிச்சா குருவியே வந்து கூடப் பாடுது. போடியில இதுதான் பேச்சு."

"பாத்தேன் பாண்டி."

அடுத்த வளைவு கடந்த பிறகு, கணவனிடம் மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அது பாடலைங்க. வையுது."

முத்துக்கிருஷ்ணன் சிரித்துவிட்டார். "என்னது?"

"பிள்ளைக பாடுறதுக்கும் வையுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஓடைப்பக்கம் இன்னொரு குருவி கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சே. அதத்தான் போ போன்னு வெரட்டுது."

"அது குருவி இல்ல. நான் வச்ச ஸ்பீக்கரு. ரெக்கார்டு பண்ணது."

"ஓ," என்றாள். கீபோர்டை இழுத்து அணைத்துக்கொண்டு, "அது ஸ்பீக்கருன்னு அந்தக் குருவிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பாண்டித்துரை கியரை மாற்றினான். கீழே போடியின் விளக்குகள் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன. முத்துக்கிருஷ்ணன் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. இருபது வயதிலிருந்து கீபோர்டு வாசிக்கிறார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ஒரு சின்ன மெட்டு. இதையெல்லாம் குறைவாகச் சொல்லக் கூடாது, இரண்டு பிள்ளைகள் இதில்தான் படித்தார்கள். ஆனால் கல்யாண மண்டபத்தில் பாட்டை யாரும் கேட்பதில்லை. பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்ப்பார்கள். இரண்டு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, தானே போட்ட மெட்டு ஒன்றை அவர் நுழைத்து வாசிப்பது உண்டு. பாதியிலேயே யாராவது மேடைக்கு வந்து, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு பாட்டுக் கேட்கிறார்கள் என்று சீட்டை நீட்டுவார்கள். தன் மெட்டு ஒன்றைக் கடைசி வரைக்கும் நாலு பேர் வாய் பேசாமல் கேட்டு அவர் பார்த்ததில்லை.

சித்திரை கடைசியில் சிவக்குமார் கூப்பிட்டு அனுப்பினான். பூப்பாறை போகிற வழியில் அவனுடைய அப்பாவின் ஏலத்தோட்டம். ஏலக்காய் உலர்த்துகிற பழைய ஸ்டோரை இடித்துக் கட்டி, விருந்தினர் தங்கும் அறைகளாக மாற்றியிருந்தான்.

"வர்றவங்க ரூமுக்குள்ள உக்காந்து போனத்தான் நோண்டுறாங்கண்ணே. வெளிய இவ்வளவு பெரிய மலை கெடக்கு. அத அவங்க காதுல போடணும். சினிமாப்பாட்டு வேணாம். இந்த எடத்துக்குன்னே புதுசா ஒண்ணு போடுங்க. சனிக்கிழம சனிக்கிழம வாசிங்க."

அதற்காக அங்கேயே சில நாட்கள் தங்கினார். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்தார். அகன்ற இலைமேல் சொட்டு விழுகிற சத்தம், நிழல் மரங்களில் காற்று ஏறி இறங்குவது, வராந்தாவுக்குக் கீழே பாறைகளுக்கிடையில் ஓடுகிற ஓடை. விடிகிற நேரத்தில் அந்த ஓடையிலிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். வேலைக்குப் போகிற யாரோ ஒருவன் பாட்டு ஞாபகம் வராமல் சும்மா இழுத்துக்கொண்டே போகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால், ஈரப் பாறைமேல் கரிய நிறத்தில் ஒரு பறவை. திரும்பும்போது நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னியது. தோட்டத்தில் மலையாளம் கலந்து சூளக்காக்கா என்பார்கள். காக்கா என்ற பேர்தானே ஒழிய குரல் அப்படி ஒரு குரல். அந்தச் சீட்டியை எடுத்து, அதற்குப் பக்கத்தில் புல்லாங்குழல் சத்தத்தில் ஒரு வரி, மறுபடி சீட்டி, மறுபடி ஒரு வரி என்று கோத்தார். இதைப்போல எதையும் அவர் அதற்குமுன் செய்ததில்லை. செய்து முடித்த அன்று வராந்தாவில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்.

ஒத்திகைக்காக ஒரு சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டபோதுதான் அது நடந்தது. பதிவுசெய்த சீட்டி ஒலித்ததும் ஓடைப்பக்கமிருந்து நிஜமான சீட்டி ஒன்று வந்தது. பிறகு பறவையே வந்து வராந்தாக் கைப்பிடியில் உட்கார்ந்து, வாலை விசிறி விசிறிப் பாடியது. சிவக்குமார் நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

அதுவரை நடந்தது தற்செயல். அடுத்த வாரம் நடந்தது அப்படியில்லை. விருந்தினர்கள் எல்லோருக்கும் பறவை தெரிய வேண்டும், ஓடை நடுவிலிருக்கும் பெரிய பாறைமேல் அது வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று முத்துக்கிருஷ்ணன்தான் யோசித்தார். வயர் இழுத்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பாறைக்குப் பின்னால் செடிமறைவில் கொண்டுபோய் வைத்தார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. சூர்யகலாவின் கேள்விக்கு ஜீப்பில் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். வயரைக் கையில் சுற்றிக்கொண்டு வழுக்குப் பாறையில் கவனமாகக் கால் வைத்து இறங்கிய தன்னுடைய உருவம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் வெளியே போயிருந்த நேரத்தில், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டையும் கேட்டார். முதலில் விடிகாலையில் பதிவு செய்தது. நீண்டு, நின்று, வேறெங்கோ போய், முடிக்காமலே விட்டுவிட்டு மறுபடி தொடங்கியது. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் அதற்கில்லை. அடுத்து, நிகழ்ச்சியன்று சிவக்குமார் எடுத்த வீடியோவின் சத்தம். மேல் ஸ்தாயியில் ஒரே சின்னத் துண்டு, திரும்பத் திரும்ப, மூச்சு விடாமல். அவருடைய வரி முடிவதற்குள் வெட்டிக்கொண்டு வந்து விழுந்தது. அந்த வெட்டைத்தான் அவர் ஆள் கூடிய இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், பாருங்க, நான் முடிக்கிறதுக்குள்ள அது எடுத்துக்குது என்று. அதற்கு ஏற்றாற்போலத் தன் மெட்டின் வேகத்தைக்கூடக் கூட்டியிருந்தார். ஒரு பறவையின் ஆத்திரத்துக்கு உட்கார்ந்து தாளம் போட்டிருக்கிறார். காது உள்ள மனுஷன் என்று ஊரில் பேர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் கீபோர்டின்மேல் கிடந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்பீக்கரைப் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் மலையேறினார். ஆனால் வராந்தாவில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன் வரிசையில் கற்பகம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராசிங்காபுரத்துக்காரர். போன வருஷம் கணவர் தவறிப்போனார். மகள்தான் மனசு மாறட்டும் என்று முதலில் அழைத்து வந்தாள். அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் முத்துக்கிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு காலையில முகம் வழிக்கும்போது இப்படித்தான் தம்பி சீட்டியடிப்பாரு. பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்மா," என்றார். அதற்குப் பிறகு அவரே பஸ்சு மாறி, ஜீப்பு பிடித்து வர ஆரம்பித்துவிட்டார். இங்கே வந்துபோன ராத்திரிதான் தூக்கம் வருகிறது என்று மகள் சொன்னாள்.

முத்துக்கிருஷ்ணன் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு வாரம் மட்டும் என்று நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பறவை வந்தது. பாறைமேல் நின்று கத்தியது. இப்போது அவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. வையுது, வையுது என்று விரல்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் எழுந்து கும்பிடவில்லை. வயரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கு ஜீப்பில் மலையிறங்காமல் அங்கேயே தங்கிவிட்டார். காலையில் வெளிச்சம் வந்தவுடன் ஸ்பீக்கரை எடுத்துவிடலாம் என்று ஓடைக்குப் போனார். பறவை அவருக்கு முன்னால் அங்கே இருந்தது. ஸ்பீக்கர் பெட்டிமேல் நின்று அதன் கம்பிவலையைக் கொத்திக்கொண்டிருந்தது. பெட்டி முழுக்க எச்சம். அவர் வருவதைப் பார்த்தும் அது உடனே பறந்துவிடவில்லை. கொஞ்சம் மேலே, ஒரு கிளையில் இன்னொரு பறவை, பெட்டை, வாயில் புழுவை வைத்துக்கொண்டு இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தாவித் தாவி உட்கார்ந்தது. எங்கே இறங்கப் பார்க்கிறது என்று அவர் நிமிர்ந்தார். அவர் தலைக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில், பாறைப் பொந்தில் பாசியும் வேரும் சேறும் சேர்த்துக் கட்டிய கூடு இருந்தது. ஸ்பீக்கரை வைத்த அன்று இருட்டிக்கொண்டு வந்தது. அவர் காலடியைப் பார்த்தாரே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாறைமேல் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தார். கூட்டுக்குள் ஒரு குஞ்சு வாயைத் திறந்தபடி இருந்தது. இன்னொன்று அசையவில்லை. கீழே பாறையில் இறகு முளைக்காத ஒன்று கிடந்தது. எறும்பு வரிசை ஒன்று அதுவரைக்கும் வந்திருந்தது.

ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து சிவக்குமாரிடம் சொன்னார். அவன் டீ கிளாசை அவர் கையில் கொடுத்தான்.

"ராத்திரிப் பூராம் மழைண்ணே. குளிருலயே போயிருக்கும். சாரைப்பாம்பு வேற நெறைய. வருசா வருசம் நடக்குறதுதான். நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீங்க."

அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அந்த வாரம் முழுக்க முத்துக்கிருஷ்ணன் மழையைப் பற்றி நினைத்தார். மழைதான் என்றால் நன்றாக இருக்கும். கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனபோது, மண்டபத்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. வியாழக்கிழமை சிவக்குமார் போனில் சொன்னான், கூட்டில் ஒன்றும் இல்லை என்று.

அந்தச் சனிக்கிழமை மலையை மூடுபனி மூடியிருந்தது. ஓடை தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அவர் ஸ்பீக்கரை ஓடையில் வைக்கவில்லை. வராந்தாவின் கோடியில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால், சத்தத்தைக் குறைத்து வைத்தார். ஓடைப்பக்கம் வைக்கவில்லை அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசிக்கத் தொடங்கினார். பதிவு ஒலித்தது. அவர் தன் வரியை வாசித்து நிறுத்திக் காத்திருந்தார். ஓடையிலிருந்து எதுவும் வரவில்லை. மறுபடி பதிவு, மறுபடி வரி. பறவை வரவே இல்லை.

ஆனால் வராந்தாவில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. பனிக்குள் எங்கேயோ ஒரு குருவி பாடுகிறது, அவர் அதற்குப் பதில் வாசிக்கிறார். விடிகாலைப் பதிவு அது. ஆத்திரம் இல்லாமல், அவசரமில்லாமல், நீண்டு நின்று போய்க்கொண்டிருந்தது. யாரும் இருமக்கூட இல்லை. இப்படி ஒரு அமைதியை அவர் எந்தச் சனிக்கிழமையும் கேட்டதில்லை.

முடிந்ததும் கற்பகம் அம்மாள் அவரிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"இன்னைக்குத்தான் தம்பி அப்படியே அவரு மாதிரி. மத்த நாளெல்லாம் கொஞ்சம் பதட்டமா இருக்கும். இன்னைக்கு சாவகாசமா அடிச்சாரு."

முத்துக்கிருஷ்ணன், "சரிங்கம்மா" என்றார். குளிர் தாங்காதே, வெரசாக் கிளம்புங்கம்மா என்று மட்டும் சொல்லி, அவரைப் பாண்டித்துரையின் ஜீப்பில் முன் சீட்டில் ஏற்றிவிட்டார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சூர்யகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டைப் பற்றி, எறும்பைப் பற்றி, அந்த அம்மாள் சொன்னதைப் பற்றி. அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். குறை சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு நீ வந்தப்ப," என்று கேட்டார், "என் மெட்டு எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"நான் அதக் கேக்கவே இல்லைங்க. அந்தக் குருவியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். பிறகு, "அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிருங்க," என்று சொல்லி அவர் தட்டில் சோறு வைத்தாள்.

அடுத்த வாரம் அந்தச் சின்ன ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். சிவக்குமாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப வர்றவங்க எதுக்குண்ணே வர்றாங்க?"

"தெரியல சிவா. நான் வாசிக்கிறேன். வேணாம்னா நிப்பாட்டிரு."

"ஆளு வந்து உக்காந்தாச்சு. இன்னைக்கு வாசிங்க. அப்புறம் பாப்போம்."

கீபோர்டுக்கு முன்னால் நின்றார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். பாடகர் பேசுவார், இவர் பின்னால் இருப்பார்.

"இத்தனை வாரமும் அந்தக் குருவி எங்கூடப் பாடுதுன்னு சொன்னேன். அது பாடல. அதோட எடத்துல இன்னொரு குருவி சத்தத்தக் கொண்டுபோய் வச்சு நான்தான் அதக் கோவப்படுத்தினேன். அதோட கூடும் போச்சு. போன வாரம் யாராவது வந்திருந்தா, அன்னைக்குக் கேட்டது மிஷினு. இன்னைக்கு அதெல்லாம் இல்ல. நான் மட்டும்தான் வாசிக்கிறேன்."

சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். ஒரு இளம்பெண் வீடியோ எடுக்கத் தூக்கிய போனைத் தாழ்த்தினாள். கற்பகம் அம்மாள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் மிஷினா?"

"ஆமாம்மா."

"மொத மொதல்ல நான் வந்தன்னைக்கு?"

"அன்னைக்கு வந்தது நெசக் குருவிதாம்மா."

"வஞ்சுக்கிட்டு இருந்துச்சாக்கும்."

"ஆமாம்மா."

அவர் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"அவரும் நெறைய வைவாரு தம்பி," என்றார். மன்னிக்கிற குரலா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து, தன் நாற்காலியை ஓடைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் திருப்பினார்கள். பிறகு பின்னால் இருந்தவர்களும். நாற்காலிக் கால்கள் சிமெண்டுத் தரையில் உராய்கிற சத்தம் அடங்கியபோது வராந்தா முழுக்க முதுகுகள் தெரிந்தன.

முத்துக்கிருஷ்ணன் வாசிக்கத் தொடங்கினார். புல்லாங்குழல் வரியை வாசித்தார். சீட்டி வர வேண்டிய இடம் வந்ததும் கையை எடுத்து வெறுமனே விட்டார். அந்த இடைவெளியில் எல்லோருடைய தலையும் ஒன்றுபோல லேசாக முன்னுக்குச் சாய்ந்தது. அவர் சத்தத்தைக் குறைத்தார். அடுத்த வரியில் இன்னும் குறைத்தார். அந்தப் பறவை இங்கே எங்காவது இருந்தால் அதன் காதில் இது விழுந்துவிடக் கூடாது, மறுபடியும் அது எழுந்து வந்துவிடக் கூடாது என்று, ஓடையின் இரைச்சலைத் தாண்டாமல், கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் வாசித்துக்கொண்டு போனார். பனி பாறைமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கற்பகம் அம்மாள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, ஒரு காதை ஓடைக்குக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.